எழுபத்திரண்டு மூச்சு

"இன்னும் நேரம் இருக்கா?"

"இருக்கு. நீ பாரு."

"எவ்வளவு இருக்கு?"

"பாருன்னு சொல்றேன்ல. இருக்கு."

நவம்பர் மாதத்துக் குளிரில், தண்ணீர் மேல் கட்டிய பலகை மேடையில், ரூலானும் அவள் கணவன் யோங்ஷுனும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதன் பிறகு ஐந்து மாதம் ஓடிவிட்டது. இந்த ஐந்து மாதத்தில் அவள் அந்த நாலு வரியையும் எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. பல் தேய்க்கும்போது ஓடும். மகளுக்குத் தலை பின்னும்போது ஓடும். ஒவ்வொரு முறையும் அவனுடைய இரண்டாவது "இருக்கு" வரும் இடத்தில் கை ஒரு நொடி நின்றுவிடும்.

அன்றைக்கு அவள் ஈர நுரைமெத்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். மெத்தையில் ஒரு பெண் ஆற்றுப்பன்றி கிடந்தது. முதுகில் துடுப்பில்லாமல், ஈயம் போன்ற சாம்பல் நிறத்தில், எப்போதும் சிரிப்பதுபோல் வாய் வளைந்த, டால்பின் போன்ற அந்தச் சின்ன ஓங்கிலுக்குக் கட்டுரைகளில் வேறு பெயர் உண்டு. சீனத்து யாங்சி ஆற்றங்கரையில் அது ஆற்றுப்பன்றிதான். ஸ்கேன் திரையில், மூன்று வருடமாக அவள் தேடிக்கொண்டிருந்த படம் வரப் பார்த்தது. தாயின் வயிற்றுக்குள் குட்டியின் இதயம். நிலக்கடலை அளவு. நாலு அறையும் ஒரே படத்தில் விழ வேண்டும். குட்டி அசைந்துகொண்டே இருந்தது.

சினையாக இருக்கும் விலங்கைப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் தண்ணீருக்கு வெளியே வைக்கக்கூடாது என்று அவர்கள் காப்பகத்தில் ஒரு வழக்கம். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிடம் சொல்வது வலைக்குழுத் தலைவனான யோங்ஷுனின் வேலை. விலங்கின் தலைமாட்டில் அவனுடைய அக்கா சாய்ஹுவா உட்கார்ந்து, உச்சந்தலையில் உள்ள மூச்சுத்துளை திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் "மூச்சு" என்று உரக்கச் சொல்லி, மடியிலிருந்த தாளில் ஒரு கோடு போடுவாள். ஐந்து கோட்டுக்கு ஒரு கட்டு.

"பதினொண்ணு," என்றான் யோங்ஷுன்.

அந்தச் சமயம் பார்த்துப் படம் விழுந்தது. ரூலான் கருவியை எடுத்தாள். நாலு ஆட்கள் மெத்தையோடு தூக்கித் தண்ணீரில் இறக்கினார்கள். மற்றவை எல்லாம் இறக்கியதும் வாலை ஒரு அடி அடித்துவிட்டு மறைந்துபோகும். இது போகவில்லை. என்ன நடந்தது என்று யோசிப்பதுபோல மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக முழுகியது.

மூன்றாம் நாள் நாணல் ஓரத்தில் மிதந்தது.

*

யாங்சி எப்போதோ வழி மாறிக்கொண்டு போனபோது விட்டுப்போன பழைய வளைவு அது. குதிரை லாடம் போல இருக்கும். பெரிய ஆற்றில் கப்பலுக்கும் மோட்டாருக்கும் நடுவே பிழைக்க முடியாமல் போன ஆற்றுப்பன்றிகளைக் கொண்டுவந்து இங்கே விட்டு, அவை பெருகி இப்போது எண்பதைத் தொட்டிருந்தன. எத்தனை சினை, எத்தனை குட்டி, எதற்கு என்ன நோய் என்று பார்ப்பது கால்நடை மருத்துவரான ரூலானின் வேலை. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வலை போட்டுப் பிடித்துச் சோதித்துவிட்டு விடுவார்கள். இந்த வருடத்துச் சோதனைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மார்ச் கடைசி. ஏப்ரலில் ஈனத் தொடங்கும். வளைவுக்குள் குறைந்தது ஆறு தாய்கள் வயிறு கனத்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

இந்த முறை இன்னொன்றும் இருந்தது. அவர்கள் காப்பகத்து வழக்கத்தையே எழுத்தில் விதியாக்கி, மற்ற இரண்டு காப்பகங்களுக்கும் அனுப்பப் போகிறார்கள். சினை விலங்குக்குப் பன்னிரண்டு நிமிடம். எழுதித் தர வேண்டியவள் ரூலான். அதற்காகப் பழைய தாள்களை எல்லாம் அடுக்கி உட்கார்ந்தபோதுதான் சாய்ஹுவாவின் நவம்பர் மாதத் தாள் கையில் கிடைத்தது. ஐந்தைந்து கோடாகப் பதினாலு கட்டு, தனியாக இரண்டு கோடு. எழுபத்திரண்டு மூச்சு.

அன்று பிடித்த மற்ற ஒன்பது விலங்குகளும் மெத்தையில் நிமிடத்துக்கு நாலு, நாலரை மூச்சு விட்டிருந்தன. இது பதினொரு நிமிடத்தில் எழுபத்திரண்டு என்றால் நிமிடத்துக்கு ஆறரை. ஒன்று, அது மூச்சிரைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பதினொரு நிமிடம் இல்லை.

செத்த விலங்கின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தவளும் ரூலான்தான். நுரையீரலில் புழு இருந்தது. அந்த ஆற்றில் எந்த விலங்கை அறுத்தாலும் கொஞ்சம் புழு இருக்கும். முதுகுத் தசை மட்டும் வெந்த கறிபோல வெளுத்துக் கிடந்தது. பயமும் பிடியும் அளவுக்கு மீறினால் தசை அப்படி ஆகும் என்று முதல் வருட மாணவனுக்கும் தெரியும். ஆனால் பதினொரு நிமிடத்தில் அந்த அளவு ஆகாது. ஆகவே அவள் பதினொன்றை நம்பினாள், தசையைச் சந்தேகப்பட்டாள். புழுவால் நுரையீரல் அழற்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குட்டி ஆண். அவளுடைய முழங்கை நீளம்கூட இல்லை. அதையும் அளந்து எழுதினாள்.

அது செத்த ஏழாம் நாள் காலை கரைமேட்டில் நடக்கும்போது மண்ணில் சுண்ணாம்பால் போட்ட இரண்டு வட்டங்களைப் பார்த்தாள். செத்தவர்களுக்குக் காகிதக் காசு எரிக்கும் வட்டம். ஒன்று பெரிது, பக்கத்தில் ஒன்று சிறிது. உள்ளே சாம்பல் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. ஊரில் அந்த வாரம் யாரும் சாகவில்லை. வீட்டுக்குப் போனபோது யோங்ஷுனின் கால்சட்டை மடிப்பில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவள் அதைத் துவைக்கப் போட்டாள். எதுவும் கேட்கவில்லை.

*

"எட்டா?" என்றார் ஃபாங். காப்பகத்து இயக்குநர். நல்ல மனிதர்தான், தேநீர்க் குடுவையைக் கீழே வைக்காமல் பேசுவார். "எட்டு நிமிஷத்துல என்னம்மா பார்ப்பீங்க? குசலம் விசாரிச்சு அனுப்பிடுவீங்களா?"

"ரத்தத்தை விட்டுடலாம் சார். ஸ்கேன் மட்டும் பண்ணலாம்."

"ரத்தம் இல்லாம அதுக்கு நோய் இருக்கா இல்லையான்னு ஜோசியமா பார்க்கறது? ரூலான், குறைக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இது மூணு காப்பகத்துக்குப் போற விதி. அங்க இருக்கறவங்க ஏன்னு கேப்பாங்க. 'எங்க டாக்டருக்கு மனசு சரியில்ல'ன்னு எழுதவா?"

"நவம்பர்ல ஒண்ணு செத்துதே சார்."

"புழுவால செத்துது. யார் எழுதினது?" அவர் சிரிக்கவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார். "பதினோரு நிமிஷத்துல நல்லபடியா தண்ணிக்குப் போச்சு, அப்புறம் நோயில செத்துதுன்னு உங்க கையெழுத்து இருக்கு. பன்னிரண்டு போதும்ங்கறதுக்கு அதுதான் எனக்குச் சாட்சியே."

"மூச்சு எழுபத்திரண்டு வந்திருக்கு சார்."

ஃபாங் தாளை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "நுரையீரல் கெட்ட விலங்கு மூச்சு வாங்காம என்ன பண்ணும்? இதுவும் உங்க அறிக்கைக்குத்தானே பொருந்துது?" தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு எண் கொடுங்க. ஒரே ஒரு சரியான எண். எட்டு என்ன, ஆறுன்னுகூடப் போட்டுடறேன். நாளன்னைக்குக் காலையில அனுப்பணும்."

ரூலான் தாளை மடித்துக்கொண்டு படியிறங்கினாள். தாளில் உள்ளபடி பார்த்தால் அவர் சொன்னதில் பிழையே இல்லை. ஒரு பொய் எண் தாளில் ஏறிவிட்டால், பக்கத்திலுள்ள உண்மை எண்களெல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுகின்றன. மூச்சு, புழு, வெளுத்த தசை, எல்லாம் இப்போது பதினொன்றுக்காகச் சாட்சி சொன்னன.

*

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தாமரைக்கிழங்கும் எலும்பும் போட்ட சூப்பு வைத்திருந்தாள்.

"மைமை, சாப்பாடு ஆச்சுன்னு அப்பாகிட்டச் சொல்லு."

ஆறு வயது மைமை பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். "அப்பா இங்கதானே உக்காந்திருக்காரு?"

"சொல்லும்மா."

"அப்பா, இங்க உக்காந்திருக்கற அம்மா, இங்க உக்காந்திருக்கற உங்ககிட்ட, சாப்பாடு ஆச்சுன்னு சொல்லச் சொன்னாங்க." பிறகு கிண்ணத்தை இழுத்துக்கொண்டு, "எனக்கு இந்த வேலைக்கு ஒரு எலும்பு அதிகமா வேணும்," என்றாள்.

யோங்ஷுன் தன் கிண்ணத்திலிருந்து எடுத்து அவளுக்கு வைத்தான். சிரிக்க முயன்றான். ரூலானும் முயன்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முயன்றதில் இரண்டுமே பாதியில் நின்றுவிட்டது.

அவர்களுக்குள் சண்டை கிடையாது. அதுதான் கஷ்டமாக இருந்தது. சண்டை என்றால் ஒருவர் கதவைச் சாத்தலாம், இன்னொருவர் போய்த் தட்டலாம். இது அப்படியில்லை. நவம்பரிலிருந்து வீட்டுக்குள் ஒரு சாமான் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது. அதில் இடித்துக்கொள்ளாமல் இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு வூஹானிலிருந்து புதிதாக வந்தபோது, முதல் சோதனையிலேயே அவள் மேடையில் நின்று, "புரட்டுங்க! சீக்கிரம் புரட்டுங்க!" என்று கத்தினாள். எட்டு ஆண்கள் கை வைத்தபடி அப்படியே நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. படகு புரண்டுவிடும் என்ற பயத்தில் படகுக்காரர்கள் அந்த வார்த்தையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வாயில் எடுக்க மாட்டார்கள். தட்டிலுள்ள மீனைக்கூட ஒரு பக்கம் தின்று, முள்ளை நீக்கிவிட்டுத்தான் அடிப்பக்கம் தின்பார்கள். அப்போது கயிற்றைப் பிடித்திருந்த ஒல்லியான ஒருவன், அவளைப் பார்க்காமல், "பக்கம் மாத்துங்கப்பா," என்று மெதுவாகச் சொன்னான். எட்டுப் பேரும் ஒன்றாக அசைந்தார்கள். அன்று முழுக்க அவள் சொல்லச் சொல்ல அவன் அதை அவர்கள் பேச்சில் சொல்லிக் கொடுத்தான். சாயங்காலம் அவள் நன்றி சொன்னதும் காது மடல் சிவந்துபோய் வலையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான். "மீன் பிடிக்கறவனையா கட்டிக்கப் போறே?" என்று அவள் அம்மா போனில் அழுதாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் ஆற்றில் மீன்பிடிக்கவே தடை வந்தது. படகுகளைக் கரையிலேற்றி வெட்டினார்கள். தன் படகு வெட்டப்படும்போது யோங்ஷுன் பக்கத்திலேயே நின்றான். வீட்டுக்கு வந்து இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டான். அடுத்த வாரம் காப்பகத்துக் காவல் படகில் வேலைக்குச் சேர்ந்தான். மற்றவர்கள் ஷென்ஜென்னுக்கும் வூஹானுக்கும் போய்விட்டார்கள். அவனால் ஆற்றுச் சத்தம் இல்லாமல் ஒரு ராத்திரி தூங்க முடியாது.

நவம்பர் சோதனைக்கு இரண்டு நாள் முன்பு, அவளை அனுப்பிய வூஹான் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று வருடமாகியும் குட்டியின் இதயப்படம் ஒன்றுகூட இல்லை. இந்த முறையும் இல்லையென்றால் திட்டத்தை முடித்துக்கொண்டு வசந்தத்தில் வூஹானுக்குத் திரும்பிவிட வேண்டும். அவள் அதைப் படித்துக் காட்டினாள். "வூஹான்ல வாட்ச்மேன் வேலை கிடைக்கும்ல?" என்று அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, துடைத்த காலணியையே மறுபடியும் எடுத்துத் துடைத்தான்.

ஆகவே அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று அவள் கேட்கத் தேவையில்லை. அந்த நிமிடங்களை அவன் எங்கிருந்து எடுத்து யாருக்குக் கொடுத்தான் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை எடுத்தான் என்பது மட்டும்தான் தெரியாது.

*

மறுநாள் காலை மைமையைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாய்ஹுவாவின் கடைக்குப் போனாள். கரைமேட்டுக்குக் கீழே எள்விழுது நூடுல்ஸ் விற்கும் கடை. காலைக் கூட்டம் கலைந்திருந்தது.

"வாங்க டாக்டரம்மா. நூடுல்ஸ் சாப்பிட வந்தீங்களா, என் ரத்தம் எடுக்க வந்தீங்களா?" சாய்ஹுவா கொதிநீரிலிருந்து கூடையைத் தூக்கி உதறினாள். "என்னடி, மூஞ்சி மூணு நாள் ஊறின சோறு மாதிரி இருக்கு? தம்பி மூஞ்சி நாலு நாள் ஊறினது மாதிரி இருக்கு. ரெண்டு பேரையும் சேர்த்துக் காய்ச்சினா சாராயம் வரும்."

"அக்கா, இதைப் பாருங்களேன்."

சாய்ஹுவா கையைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். தன் கோடுகளை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"எழுபத்திரண்டு இருக்கு. ஒண்ணு ரெண்டு கூட விழுந்திருக்குமா?"

"நாப்பது வருஷம் வலைக்கண்ணு எண்ணினவ நான். தூக்கத்துல என் புருஷன் குறட்டையைக்கூட எண்ணுவேன். விடியும்போது எத்தனைன்னு சொல்லட்டுமா?"

"அது மூச்சு வாங்கினதா அக்கா? வேகமா விட்டுதா?"

சாய்ஹுவா அடுப்பைக் குறைத்தாள். ஒரு கிண்ணத்தில் நூடுல்ஸைப் போட்டு எள்விழுதை ஊற்றிப் பிசைந்து ரூலானுக்கு முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"இல்ல. நிதானமாத்தான் விட்டுது. கடைசியில ரொம்பத்தான் நிதானம். அடுத்தது வருமா வராதான்னு நான் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"அப்போ அது பதினோரு நிமிஷம் இல்ல."

"அதை நான் சொல்ல மாட்டேன். நான் மூச்சுக்கு ஆளு. நிமிஷத்துக்கு அவன் ஆளு."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?"

"எங்கள்ல கயிறு பிடிச்சவன் சொல்றதுதான் கணக்கு. வலை பாதியில இருக்கும்போது ஒருத்தன் அஞ்சுங்கவும் ஒருத்தன் ஆறுங்கவும் இருந்தா படகு மிஞ்சாது. எங்கப்பா தப்பா எண்ணுவாரு, தெரியும், எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இழுப்போம். கரைக்கு வந்தப்புறமும் பேச மாட்டோம். அது அப்படியே பழகிப்போச்சு." சாய்ஹுவா அவளை நேராகப் பார்த்தாள். "நான் படகுக்காரி, எனக்கு வாய் வரல. நீ படிச்சவ. நீ ஏன் கேக்கல? உன் கையும் அது மேலதானே இருந்துது?"

ரூலான் நூடுல்ஸைக் கிளறினாள். ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

"கேட்டா அவனுக்கு வேலை போயிடும் அக்கா."

"போகும்."

"அந்தப் படத்துக்கும் மதிப்பு இருக்காது. நானும் வூஹானுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்."

"ஆமா. கிளம்பணும்." சாய்ஹுவா எழுந்து போய் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். "நான் போட்டுக் கொடுத்தா தம்பியைக் காட்டிக் கொடுத்தவ ஆவேன். அவனா வாயைத் திறந்தா அது வேற. ஆனா எங்க வீட்டு ஆம்பளைங்க ஊறுகா ஜாடி மாதிரி. தானா மூடி திறக்காது. யாராவது தூக்கணும்." பிறகு முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "அஞ்சு மாசமா அவன் உன் வாயைத்தான் பார்த்துக்கிட்டிருக்கான். கண்ணு தெரியலையா உனக்கு? சாப்பிடு, ஆறுது."

*

வலையைக் கரைமேட்டுப் புல்லில் நீளவாக்கில் விரித்திருந்தார்கள். அந்தப் பக்கம் வயல் முழுக்கக் கடுகுப்பூ மஞ்சளாக எரிந்தது. இந்தப் பக்கம் வளைவு, மதிய வெயிலில் தகடுபோலக் கிடந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். யோங்ஷுன் மட்டும் குந்தியபடி ஒவ்வொரு கண்ணாக விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு நகர்ந்தான். ஒரு கண் பெரிதாகிவிட்டிருந்தாலும் குட்டியின் மூக்கு அதில் மாட்டிக்கொள்ளும்.

ரூலான் வலைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் பக்கத்துக் கண்களை அவளும் பார்க்கத் தொடங்கினாள். அவன் நகர்ந்த அளவுக்கு அவளும் நகர்ந்தாள்.

"மைமை?" என்றான் அவன்.

"பள்ளிக்கூடம் போயிட்டா."

நடுவில் ஆள் இல்லாமல் பேசியது இருவருக்கும் கூச்சமாக இருந்தது. இன்னும் ஒரு முழம் நகர்ந்தார்கள்.

"இங்க ரெண்டு கண்ணு விட்டுப் போயிருக்கு," என்று அவள் காட்டினாள்.

அவன் எட்டிப் பார்த்து, இடுப்பிலிருந்த ஊசியையும் நூலையும் எடுத்து முடிந்தான். அவன் விரல்களை அவள் பார்த்தாள். நகங்களுக்குள் பாசி. இந்த விரல்கள் செய்யாத வேலையில்லை. மைமை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தொட பயந்து, போர்வையின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்ற விரல்கள்.

"விதியை நாளைக்குக் காலையில அனுப்பறாங்க. பன்னிரண்டுன்னு."

"டைரக்டர் சொன்னாரு." அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "கடிகாரத்தை இந்தத் தடவையும் என்கிட்டத்தான் கொடுப்பாராம். நான் வேற ஆளுகிட்டக் கொடுங்கன்னேன். ஏன்னு கேட்டாரு."

"என்ன சொன்னே?"

"கண்ணு மங்கலா இருக்குன்னேன். கண்ணாடி போட்டுக்கடான்னாரு."

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். காற்று வலையின் ஓரத்தைத் தூக்கிவிட்டது. அவள் முழங்கையால் அதை அழுத்திக்கொண்டாள்.

தண்ணீரில் 'புஸ்' என்று ஒரு சத்தம். கரையிலிருந்து முப்பதடி தள்ளி ஒரு சாம்பல் முதுகு எழும்பியது. கனத்த வயிறு. இறங்குவதற்கு அவசரப்படாமல் மெதுவாகப் போனது. ரூலான் திரும்பி யோங்ஷுனைப் பார்த்தாள். அவன் கை வலையில் அப்படியே நின்றிருந்தது. கண் தண்ணீரில் இருந்தது. உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்தன. அது மறுபடி எப்போது மூச்சுக்கு வரும் என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தான். முதுகு இன்னொரு இடத்தில் எழும்பியது. அவன் உதடு நின்று, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. எத்தனை நாளாக இப்படி எண்ணுகிறான்? காவல் படகில் போகும்போதெல்லாமா? வீட்டில் விளக்கணைத்துப் படுத்த பிறகு சில நாள் அவன் உதடு அசைவதைப் பார்த்து, பாவம், ஏதோ கனவு என்று அவள் போர்வையை இழுத்து விட்டிருக்கிறாள்.

அவனைக் காப்பாற்றத்தான் கேட்காமல் இருக்கிறோம் என்று அவள் ஐந்து மாதமாகத் தனக்குச் சொல்லி வந்தாள். சொல்லி வந்ததில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அவன் வாயைத் திறந்து ஒரு எண்ணைச் சொன்னால், அந்த எண்ணுக்குள் அவளும் இருப்பாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கையை விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்காமல், அவன் குரல் மாறியதைக் கேட்டும் கேட்காததுபோல் குனிந்துகொண்ட ஒருத்தி. அவளைப் பார்க்கத்தான் ரூலானுக்குப் பயமாக இருந்தது.

இந்த வளைவில் ஆறு தாய்கள். மற்ற இரண்டு காப்பகங்களிலும் எத்தனையோ. பெயர் தெரியாத யாரோ ஒரு டாக்டர், அவள் எழுதிக் கொடுத்த எண்ணை நம்பி, பதினொன்றாவது நிமிடத்தில், இன்னும் நேரம் இருக்கிறது என்று கருவியை அழுத்தப் போகிறார்.

"யோங்ஷுன்."

அவன் எண்ணிக்கை அறுந்தது. நிமிர்ந்தான். ஐந்து மாதத்தில் அவன் பெயரை அவள் அப்படி முழுதாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"அன்னைக்கு உன் குரல் மாறிச்சு. ரெண்டாவது தடவை 'இருக்கு'ன்னு சொன்னே பாரு, அப்போ. எனக்குத் தெரிஞ்சுது. நேரம் போயிடுச்சுன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் நான் கையை எடுக்கல. நீ மட்டும் பண்ணினது இல்ல அது."

அவன் வலைக்கண்ணில் நுழைத்த விரலை எடுக்க மறந்திருந்தான்.

அவள் பையைத் திறந்து குறிப்பேட்டை எடுத்தாள். நவம்பர் மாதப் பக்கம். பதினொன்று என்று தன் கையால் எழுதியிருந்ததன் குறுக்கே நிதானமாக ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் இடம் வெறுமையாக இருந்தது. பேனாவின் நுனி காகிதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. காற்றில் எங்கிருந்தோ ஒரு கடுகு இதழ் பறந்து வந்து அந்த வெறும் இடத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் அதை ஊதித் தள்ளினாள்.

"எத்தனை நிமிஷம்னு சொல்லு. நான் எழுதறேன்."